ஒரு கேமராவும் நாலு கையும்

பாஸ்போர்ட் போட்டோ வெட்டும்போது கத்தி ஒரு நூல் விலகினாலும் காது போய்விடும். காது போன போட்டோவை எந்தக் கம்பெனி கேட்டிலும் வாங்க மாட்டார்கள். இப்பவும் அதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் பதினோரு பிள்ளைகள் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். புதுசாக வேலைக்குச் சேர்கிறார்களாம், ஐ.டி. கார்டுக்கு வேண்டுமாம். நாலு தாள் வெட்டினால் இந்த நோட்டில் நாலு வரி எழுதுகிறேன்.

படப்பையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்க ஸ்டுடியோ. எங்க வீட்டுக்காரருக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஊரில் ஒரு ஸ்டுடியோவில் இருந்து தொழில் கற்றவர், பிழைப்புக்கு ஒரகடம் வந்து மூணு வருஷம் கம்பெனியில் லைனில் நின்றார். கல்யாணமான புதுசில் அவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவர் வரும்போது நான் தூங்குவேன், நான் எழும்போது அவர் தூங்குவார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சோற்றுப்பானை மூடிமேல் வைக்கிற சீட்டில்தான். ‘ரசம் சின்ன பாத்திரத்தில்’, ‘தண்ணி லாரி வரலை’, இப்படி. அதில் ரெண்டு மூணு சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அப்புறம் துணிந்து வேலையை விட்டுக் கடை போட்டார். அவர் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் முகம் திருத்தி ஆல்பம் ஒட்டுவேன். எட்டாவது வரைக்கும் படித்தவள் என்றாலும் அந்த வேலை எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. மனுஷர்களோடு பேசுகிற வேலைதான் வரவில்லை. கடைக்குள் யாராவது நுழைந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுவேன்.

லென்ஸ் கழற்றின வெறும் கேமராவை எங்க தொழிலில் பாடி என்போம். லென்ஸ் கெட்டால் இரவல் கிடைக்கும், லைட் கெட்டால் பக்கத்து ஸ்டுடியோவில் தருவார்கள். பாடி போனால் கடைக்கு ஷட்டர் இறக்க வேண்டியதுதான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடலாம், ஸ்டுடியோவுக்குப் பாடி பார்க்க முடியாது. கல்யாண வீட்டில் கேமரா தூக்கினவர்களும், தூக்கினவர்களுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தவர்களும் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள்.

கேமராவுக்கு விழுந்த அட்சதை

ஒரகடம் ரோட்டை அகலமாக்குகிறோம் என்று ரெண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்த சமயம் அது. வெள்ளைச் சட்டையோடு கிளம்பினால் மண்டபம் போய்ச் சேர்வதற்குள் அது காவிச் சட்டை ஆகிவிடும். எங்களிடம் இருந்தது ஒரே பாடி, ரெண்டு லென்ஸ். பெண்ணின் முகத்துக்கு ஒன்று, மேடைக் கூட்டத்துக்கு ஒன்று. வசதியுள்ளவர்கள் ரெண்டு பாடியில் ரெண்டையும் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். நாங்கள் கழற்றிக் கழற்றி மாட்டுவோம்.

அன்றைக்கு ஐயர் தாலித் தட்டைச் சபையில் எல்லாரும் தொட்டுக் கும்பிடச் சுற்றிவர அனுப்பியிருந்தார். தட்டு திரும்பி வர நேரமாகும் என்று எங்க வீட்டுக்காரர் முகத்து லென்ஸைக் கழற்றினார். தட்டு எந்த வழியாக வந்ததோ, அடுத்த லென்ஸைக் கையில் எடுப்பதற்குள் கெட்டி மேளம். நாலு பக்கமிருந்தும் அட்சதை. திறந்திருந்த பாடிக்குள் மஞ்சள் அரிசி விழுந்ததை, மேடைக்குக் கீழே கைக்குழந்தையோடு நின்ற நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. லென்ஸை மாட்டி அமுக்கினார். உள்ளே இருக்கிற கண்ணாடி அரிசியைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. தாலி கட்டுகிற படத்தை வீடியோவிலிருந்துதான் எடுத்து ஒட்டினேன், அதுவும் தண்ணீருக்குள் நடந்த கல்யாணம் மாதிரி இருந்தது. ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் தாய்மாமன் கோபம்கூடப் படவில்லை. அவர் கேட்டது இதுதான்: “ஆசீர்வாதம் பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்பா, உன் கேமராவ யாரு தொறந்து காட்டச் சொன்னது?”

சைஸ் பார்க்கும் சித்தப்பா

ரிப்பேர்காரர் பாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்குப் பண்ணுகிற செலவுக்குப் புதுசே பார்த்துக்கொள்ளலாம் என்று கையில் கொடுத்துவிட்டார். தை மாசம் மணிமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தோம். மூணு பெண்கள் இருக்கிற வீடு, மூத்தவளுக்குக் கல்யாணம். அந்த வீட்டில் நாம் நன்றாகச் செய்தோம் என்று பெயர் வந்தால் அந்த ஊரே வரும். அதே நேரம் பழைய சூப்பர்வைசர் வேறு போன் மேல் போன். லைனில் ஆள் இல்லை, வந்துவிடு என்று. எங்க வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார், மணிமங்கலம் நல்லபடியாக வந்தால் கடை, இல்லாவிட்டால் பழையபடி கம்பெனி பஸ் ஏறுவது என்று.  அன்றைக்குச் சோற்றுப்பானையை மூடும்போது கை ஒரு நிமிஷம் நின்றது.

புதுசு வாங்குகிற வரைக்கும் வாடகை பாடிதான். முதலில் கிடைத்தது உள்ளங்கைக்கு அடக்கமான ஒன்று. அதை எடுத்துக்கொண்டு போன நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்தில் வந்து, எங்க வூட்டுப் பசங்க ஊட்டிக்கு எத்துனு போனது இத்த விடப் பெருசு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். எங்களோடு வீடியோ எடுக்க வருகிற பாபு அண்ணன் அடுத்த கல்யாணத்துக்கு ஒரு வழி பண்ணினார். பாடிக்கு அடியில் மாட்டுகிற பேட்டரிப் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டிவிட்டார். உள்ளே பேட்டரியே கிடையாது, வெறும் கூடு. அதை மாட்டினதும் கேமரா ரெண்டு பங்கு ஆனது. அன்றைக்கு வந்த சித்தப்பாக்கள், பெரியப்பாக்கள் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். படம் என்னவோ அதே படம்தான் என்று நான் மெதுவாகச் சொன்னதற்குப் பாபு அண்ணன் சொன்னார்: “கல்யாணத்துல படத்த யாரு தங்கச்சி பாக்கறாங்கோ, கேமராவத்தான் பாக்கறாங்கோ.”

இசக்கியின் மாப்பிள்ளை போட்டோ

எந்த பாடி வாங்கினாலும் அது முகத்தை முகமாக எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு இசக்கிதான் காரணம். எங்க வீட்டுக்காரரின் ஊர்ப் பிள்ளை. பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தான். பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும் என்று, ஒரு பூப்போட்ட நீலச் சட்டையை அதற்கென்றே வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தான். அந்த வாரம் கிடைத்த வாடகை பாடி எங்க ஸ்டுடியோ வெளிச்சத்தில் யாரை எடுத்தாலும் செங்கல் நிறத்தில் காட்டும். அந்தச் சிவப்பை எடுக்கிறேன் என்று நான் உட்கார்ந்தேன். சிவப்பு போனது, கூடவே பரு போனது, நெற்றித் தழும்பு போனது, கன்னத்துக் குழியும் போனது. நடுவில் கரண்ட் வேறு போய் வந்து, செய்ததையே மறுபடி செய்தேன். கடைசியில் சட்டை மட்டும்தான் இசக்கியினுடையது. அவன் பார்த்துவிட்டு, அண்ணி கை ராசியான கை என்று ஆறு காப்பி கேட்டான்.

படம் பிடித்துப்போய் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பையனைப் பார்க்கப் பஸ் ஏறி வந்தார்கள். இசக்கி அதே நீலச் சட்டையில் படப்பை ஸ்டாப்பில் காத்திருந்தான். கடைக்குள்ளிருந்து எல்லாம் தெரியும். அவர்கள் இறங்கினார்கள், இவன் கும்பிட்டான், அவர்களும் கும்பிட்டார்கள், பையை வாங்கிக்கொண்டான். ஆனாலும் அவர்கள் கண் இவனைத் தாண்டித் தாண்டிப் போனது. பயப்படாதீர்கள், அந்தக் கல்யாணம் நடந்தது, இப்போது ரெண்டு பிள்ளைகள். ஆனால் அன்றைக்கு அந்த அப்பா கேட்டதை இசக்கி இன்றைக்கும் கடைக்கு வந்தால் எனக்குச் சொல்லிக் காட்டாமல் போக மாட்டான்: “தம்பி, மாப்பிள்ளை பின்னால வாராகளா?”

தண்டலத்தில் ஒரு ஜெபம்

தேடித் தேடிக் கடைசியில் ரெண்டு பாடி மிஞ்சியது. ஒன்று பெரியது. ஒருத்தர் ரெண்டு வருஷம் வைத்திருந்து விற்கிறார். மங்கின மண்டபத்திலும் முகம் நல்லெண்ணெய் விளக்கில் பார்த்த மாதிரி வரும். ஆனால் தூக்கினால் அம்மிக்குழவி. படம் பதிகிற கார்டும் ஒன்றுதான் போடலாம். இன்னொன்று நடுத்தரம், புதுசு. இருட்டில் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும். ஆனால் ரெண்டு கார்டு போடலாம், ஒன்று மக்கர் பண்ணினாலும் இன்னொன்றில் படம் இருக்கும். சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டனும் உண்டு. ரெண்டையும் ஒரே நாள் வாடகைக்கு எடுத்து, தண்டலம் பக்கத்தில் ஒரு சர்ச் கல்யாணத்தில் பரீட்சை வைத்தோம்.

பெரியதை அவர் வைத்துக்கொண்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் முட்டி போட்டிருக்க, போதகர் அவர்கள் தலைமேல் கை வைத்து மெதுவான குரலில் ஜெபம் பண்ணினார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அந்த அமைதியில் பெரிய பாடி ‘டடக்’ என்றது. பழைய இரும்புப் பீரோவை மூடுகிற சத்தம். முன் வரிசையில் பத்துக் கண் திறந்து மூடிக்கொண்டன. இன்னொரு ‘டடக்’. இந்தத் தடவை மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்துவிட்டார். மூணாவது ‘டடக்’குக்குப் போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டு, கோபமே இல்லாமல் எங்க வீட்டுக்காரரிடம் சொன்னார்: “தம்பி, நீங்க முடிச்சிட்டுச் சொல்லுங்க, நான் அதுக்கப்புறம் ஜெபம் பண்ணிக்கறேன்.”

நகை மாட்டுகிற அறை

அதே நாள் சாயங்காலம் வரவேற்பு. பெண் புடவை மாற்றுகிற அறைக்குள் ஆம்பளைகள் வரக்கூடாது என்று அவளுடைய அக்கா வாசலிலேயே நிறுத்திவிட்டார். அந்த அறைப் படம் இல்லாத ஆல்பம் பாதி ஆல்பம். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் இடுப்பிலிருந்த பாப்பாவை வாங்கிக்கொண்டு நடுத்தர பாடியை என் கையில் வைத்து, நீ போ என்றார். படத்தைத் திருத்தியிருக்கிறேனே தவிர, வெளி மனுஷர்களை நான் எடுத்ததே இல்லை.

உள்ளே ஏழெட்டுப் பெண்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, இப்படித் திரும்பு, அப்படிச் சிரி என்று சொல்ல எனக்கு வரவும் வராது. சத்தம் குறைக்கிற பட்டனைத் தள்ளிவிட்டு, புடவை மூட்டைக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றேன். அக்காக்காரி வாயில் நாலு பின்னைக் கடித்துக்கொண்டே திட்டினாள், மணப்பெண் சிரிப்பை அடக்கினாள். கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா பூப்பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவா வேண்டாமா என்று தெரியாமல் கையை மட்டும் நீட்டினார். அவள் போய் வாங்கினாள். வாங்கினவள் உடனே திரும்பவில்லை, அவரும் கையை எடுக்கவில்லை. நான் அமுக்கினேன், யாரும் திரும்பவில்லை. அரை மணி நேரம் கழித்து என் கால் பட்டு ஒரு எவர்சில்வர் சொம்பு உருண்டது. அப்போதுதான் மணப்பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அக்கா, நீங்க எப்போ உள்ள வந்தீங்க?”

கண்ணாடி மேஜைக்கு முன்னால்

ரெண்டு பாடியில் எடுத்ததையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். உள்ளதைச் சொல்ல வேண்டும், பெரியதில் வந்த முகம்தான் அழகு. ஒவ்வொரு கண்ணிமையும் எண்ணலாம். நான் எடுத்ததில் புள்ளி இருந்தது. ஆனால் பெரியதில் எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்த நடுத்தரத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை. பூப்பொட்டலப் படத்தில் எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரம் நின்றார். ஆனாலும் சித்தப்பாக்களும் பாபு அண்ணனும் மனசிலிருந்து இறங்கவில்லை. பெரியதே வாங்குவோம் என்று பட்டணத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெரிய பாடியை விற்கிறவர் அங்கேதான் கொடுத்து வைத்திருந்தார்.

கடைக்காரத் தம்பி ரெண்டையும் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். பேசினதெல்லாம் எங்க வீட்டுக்காரரிடம்தான், நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காற்றாடிக்குக் கீழே நின்றேன். தொழில் பண்றவங்களுக்கு இதுதான் சார் என்று பெரியதை முன்னால் தள்ளினார். எங்க வீட்டுக்காரர் அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார். ஒரு கையால் தூக்கினேன், மணிக்கட்டு மடங்கியது. திருப்பி வைத்துவிட்டுச் சின்னதைத் தூக்கினேன். பாப்பா இடுப்பிலேயே இருந்தாள், பாடி கண்ணுக்கு வந்தது. அப்போது எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. “பெருச வாங்கினா அது உங்க ஒருத்தரோடது. இத வாங்கினா நம்ப ரெண்டு பேரோடது” என்றேன். அவர் காதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். கடைக்காரத் தம்பி, மேடம் என்ன சொல்றாங்க சார் என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்: “சின்னதுக்குப் பில்லு போடச் சொல்லுதா.”

மணிமங்கலம்

தை மாசக் கல்யாணம். வீட்டு வாசலிலிருந்து தெருக்கோடி வரைக்கும் பந்தல். விடிந்ததிலிருந்து பெண்ணின் அறையில் பாடி என் கையில் இருந்தது, மேடைக்கு வந்ததும் அவர் கைக்கு மாற்றினேன். என் வேலை முடிந்தது என்று இறங்கப் போனபோது மணப்பெண் என் முந்தானையைப் பிடித்து, பக்கத்துலயே இரு அக்கா என்றாள். பாப்பா மணப்பெண்ணின் சித்தி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மணப்பெண்ணுக்குப் பின்னால் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தாலி எடுக்கிற நேரம் மாப்பிள்ளையின் கம்பெனி நண்பர்கள் இருபது பேர் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் சுவர் கட்டிவிட்டார்கள். எங்க வீட்டுக்காரர் அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் முட்டினார், அந்தப் பக்கம் முட்டினார், முடியவில்லை. அவர் முகத்தில் அந்தக் கம்பெனி பஸ் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அப்புறம் அவர் என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி முன்னால் நின்றவர் கையில் கொடுத்து என்னைக் காட்டினார். அது தலைகளுக்கு மேலே வந்தது. ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், ஒரு அத்தை, ஒரு பெரியம்மா, யாருக்கு யாருக்கு என்று கேட்டுக்கொண்டே தாம்பூலத் தட்டு மாதிரி கை மாறிக் கை மாறி வந்தது. பெரிய பாடியாக இருந்தால் பாதி வழியிலேயே யார் தலையிலாவது இறங்கியிருக்கும்.

என் கைக்கு வந்தபோது முகத்து லென்ஸ்தான் அதில் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதில் மேடையும் வராது, மாப்பிள்ளையும் வரமாட்டார். வந்தது பெண்ணின் பின்கழுத்து. நாத்தனார் மல்லிகைச் சரத்தை ஒதுக்கிப் பிடித்த விரல், மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிற விரல், அடுத்த முடிச்சுக்குக் காத்திருக்கிற இன்னொரு கை. மேளச் சத்தத்தில் நான் அமுக்கினது எனக்கே கேட்கவில்லை. எத்தனை எடுத்தேனோ, ஒன்றில் எல்லாம் கூடி வந்திருந்தது.

ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு எங்க வீட்டுக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டுகிற பக்கத்தில் மாப்பிள்ளை முகம் இல்லை, சொந்தக்காரர் ஒருத்தர் முகமும் இல்லை. யார் கேட்டாலும் தப்பு தப்புதான். பெண்ணின் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அங்கே வந்ததும் நிறுத்தினார். உள்ளே பார்த்துத் தன் சம்சாரத்தைக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா ஆல்பத்தை மூடாமலே எங்க வீட்டுக்காரரிடம் சொன்னார்: “ரெண்டாவது பொண்ணுக்கு ஆவணில பாத்துனுகீறோம். உனக்குத் தோதுப்படலன்னாலும் பரவால்லப்பா, அந்தப் பொண்ண மட்டும் அனுப்பி வுட்டுடு.”

வர மாட்டேன் என்று சூப்பர்வைசருக்கு அன்றைக்கே போன் போனது. அதற்கப்புறம் எத்தனையோ மண்டபம், எத்தனையோ அறை. அந்தப் பாடியின் ரப்பர் உரிந்து, பசை போட்டு ஒட்டி, அதுவும் உரிந்து, இப்போது அலமாரியில் இருக்கிறது. புதுசு ரெண்டு வாங்கிவிட்டோம், ஆளுக்கு ஒன்று. ஆனாலும் ஒரே கேமரா நாலு கையில் ஓடிய அந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆகவே பாடி வாங்கக் கிளம்பியிருக்கிற என் சக பாவப்பட்ட ஜனங்களே, சென்சாரைக் கேளுங்கள், மெகாபிக்சலைக் கேளுங்கள், சித்தப்பாக்களையும் கட்டாயம் கேளுங்கள், எல்லாரையும் கேட்டு முடித்த பிறகு உங்கள் வீட்டில் வாயே திறக்காமல் நிற்கிற ஒரு ஆளையும் கேட்டுவிட்டீர்கள் என்றால் அப்புறம், இருங்கள், “ஏ கலா, பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, உன்னத்தான் கேக்காங்க” என்று முன்னாலிருந்து எங்க வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், நான் போய்விட்டு வந்து மிச்சத்தை…